மீசைக்காரியின் கிண்ணம்

ஏப்ரல் 28

தம்பிக்கு அக்கா எழுதுவது.

மீசைக்காரியைத் தீவன லாரியில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தை டிரைவர் கையில் கொடுத்திருக்கிறேன். நாயை இறக்குவதற்கு முன்னால் இதைப் படி. போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்பாய். பிறகு "நீ சொல்லவே இல்லையே" என்பாய். மூன்றாம் வகுப்பு எழுத்தாக இருந்தாலும் எழுத்து எழுத்துதான். இதைப் பத்திரமாக வை.

உன் மக்காச்சோளத்தைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போகின்றன என்று நீ அழுததைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் கொடுக்கிறேன். வேறு யார் கேட்டிருந்தாலும் வாசலோடு அனுப்பியிருப்பேன். என் முழங்கால் ஆபரேஷனுக்கு நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அது வேறு கணக்கு.

இவள் உங்கள் பக்கத்தில் எல்லோரும் வைத்திருக்கும் தாடைக்கார நாய் மாதிரி இல்லை. அவை ஓடிப்போய்ப் பன்றியின் காதைக் கவ்வித் தொங்கும். தோல் கவசம் கட்டிவிட்டாலும் மாதம் ஒன்று குடல் சரிந்து சாகும். நம் வளைப்பு நாய் பன்றியைத் தொடாது. மோப்பம் பிடிக்கும்போது சத்தமே வராது. பன்றியைக் கண்ட பிறகுதான் வாயைத் திறக்கும். எட்டடி தள்ளி நின்று சுற்றிச் சுற்றி வரும். பன்றி பாய்ந்தால் விலகும், ஓடினால் முன்னால் போய் மறிக்கும். குரைப்பு வேகமாக இருந்தால் பன்றி நகர்கிறது. நிறுத்தி நிறுத்திக் குரைத்தால் பன்றி நின்றுவிட்டது. அப்போது உங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் அந்தச் சர்வேயரைப் போகச் சொல். பன்றி சுடும் அனுமதிச் சீட்டு அவர் பையில் இருக்கட்டும்.

கூடவே ஒரு அலுமினியக் கிண்ணம் அனுப்பியிருக்கிறேன், ஒரு பக்கம் நசுங்கியது. கரண்டியால் மூன்று தட்டு. எவ்வளவு வேட்டைச் சூட்டில் இருந்தாலும் பன்றியை விட்டுவிட்டு வந்துவிடுவாள். குட்டியிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். உன்னையும் சின்ன வயதில் தட்டைத் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவேன். அப்பாவின் நாய்களுக்கு முன்னால் நீ வந்து நிற்பாய்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த வகை நாய் மூன்று வீட்டில் இருந்தது. இப்போது என் வீட்டில் மட்டும்தான். பெட்டை இவள் ஒருத்தி. ஆண், செருப்புக் கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த கிழவன். அவனுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. போன வருஷம் இவள் போட்ட ஐந்து குட்டியும் ரத்தக் கழிச்சலில் போயின. இந்த ஏப்ரலில் கிழவனுக்குக் காய்ச்சல், சேர்க்க முடியவில்லை. அவளுக்கு அடுத்த பருவம் அக்டோபரில்தான். அதை விட்டால் கிழவன் இருப்பானோ மாட்டானோ.

ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் அவள் என் வாசலில் நிற்க வேண்டும். யாருக்கும் இரவல் கொடுக்காதே. வேறு ஆண் நாயை அண்ட விடாதே. பின்கதவைச் சாத்தி வை. அப்பாவின் நல்ல நாய் எப்படிப் போனது என்று உனக்கு மறந்திருக்காது. பின்கதவு திறந்து கிடந்ததற்கு நான் அடி வாங்கியதும் மறந்திருக்காது.

உன் வீட்டுக்காரியிடம் சொல், அவளுக்கு இனிப்பு கொடுக்க வேண்டாம். வயிறு கெடும்.

உன் அக்கா

*

மே 30

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். பரீட்சை வைத்தால் பாஸ் ஆகிவிடுவேன்.

அக்கா, உன் மீசைக்காரி நாய் இல்லை, மந்திரி! முதல் நாள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "இது என்னய்யா, தாடி வெச்ச ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு? பன்னி பாத்து சிரிச்சே செத்துரும் போல" என்றார்கள். நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன் என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு ஓடைப் பக்கம் குரைப்பு. முதலில் படபடவென்று, பிறகு ஒன்று... ஒன்று... ஒன்று. நீ எழுதியிருந்த மாதிரியே. சர்வேயர் நடந்துபோனார். ஓடவே இல்லை. கன்றுக்குட்டி அளவு ஆண் பன்றி, மூங்கில் புதருக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறது. இவள் எதிரில் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஒரே குண்டு. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த மாதம் ஆறு பன்றி. இவள் மேல் ஒரு கீறல் இல்லை.

கிண்ணமும் அப்படித்தான். மூன்றாவது தட்டுக்கு முன்னால் வந்துவிடுகிறாள். சாப்பிடும் முன் ஒருமுறை கிண்ணத்தை வலம் வருகிறாளே, அதைப் பார்த்து உன் நாத்தனார்ப் பட்டத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டாள் என் வீட்டுக்காரி. "உங்க அக்கா மாதிரியே, எதையும் சுத்திப் பாத்துட்டுத்தான் வாயில வைக்கும்" என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.

வேட்டைக் கான்ட்ராக்டர் ஒருவர் பார்க்க வந்தார். பன்னிரண்டு தாடைக்கார நாய் வைத்திருக்கிறார். தோட்டங்களுக்கு வேலி போடும் தொழிலும் உண்டு. "இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை" என்று ஒரு மணி நேரம் நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் நினைவிருக்கிறது. நானே கொண்டுவந்து விடுகிறேன். அப்படியே உன் முழங்காலையும் விசாரிக்கிறேன், கணக்கைத் தீர்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

*

ஜூன் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழவனுக்கு வாசித்துக் காட்டினேன். காது மட்டும் ஆடியது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. ஆறு பன்றி, ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

உன் வீட்டுக்காரி சொன்னதற்கு நான் கோபப்படவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கான்ட்ராக்டரை நிற்க வைத்து ஒரு மணி நேரம் காட்டினாயா? ஒருவன் ஒரு நாயை ஒரு மணி நேரம் பார்த்தால் அவன் நாயை மட்டும் பார்க்கவில்லை. நீ எந்த இடத்தில் இளகுவாய் என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறான். உனக்குப் பெருமை பேசினால் போதும், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவாய். அவன் நாய்களை உன் காட்டு வரப்பில்கூட ஏற்றாதே.

பிரசவப் பெட்டி செய்யச் சொல்லித் தச்சரிடம் பலகை கொடுத்துவிட்டேன். போனதடவை வைத்த பெட்டியை எரித்துவிட்டேன், நோய் ஒட்டியிருக்கும். தரைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. குட்டிகளில் இரண்டை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் கஞ்சத்தனம் செய்தேன் என்று சொல்லாதே.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மீசைக்காரி நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். கதிர் பால் பிடிக்கும் நேரம், பன்றித் தொல்லை இப்போதுதான் அதிகம். அதனால் செப்டம்பர் கடைசி வரை இருக்கட்டும். எல்லோரும் சுகம். பிரசவப் பெட்டிக்கு அவசரப்படாதே அக்கா.

உன் தம்பி

*

செப்டம்பர் 1

தம்பிக்கு,

வந்தது. கடிதம் என்று சொல்ல முடியாது, தந்தி மாதிரி இருந்தது. நாய் எப்படி வேலை செய்கிறாள், எத்தனை பன்றி, உடம்பு எப்படி, ஒன்றும் இல்லை. அலுப்பு என்றால் புரிகிறது. ஆனால் பெட்டிக்கு அவசரப்படாதே என்று ஏன் எழுதினாய்? பெட்டி வந்துவிட்டது. நடையில்தான் இருக்கிறது. போக வர அதில் இடித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 28 தீவன லாரி உங்கள் பக்கம் வருகிறது. டிரைவரிடம் சொல்லிவிட்டேன். நீ வர முடியாவிட்டால் அவளையாவது ஏற்றிவிடு.

உன் அக்கா

*

செப்டம்பர் 19

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். மனதைத் திடப்படுத்திக்கொள். மீசைக்காரி போய்விட்டாள்.

பதினாறாம் தேதி விடிகாலையில் ஒரு பெரிய ஆண் பன்றி. வீராங்கனை மாதிரி சண்டை போட்டாள் அக்கா. பாய்ந்துபோய்க் காதைக் கவ்வினாள், விடவே இல்லை. நான் கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனேன். கொம்புப் பல் வயிற்றில் ஏறிவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. என் மடியில்தான் உயிர் போனது.

கிணற்றடியில் புதைத்தேன். உன் நினைவுக்காக அவள் கிண்ணத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. என்னை மன்னித்துவிடு அக்கா.

உன் தம்பி

*

செப்டம்பர் 24

தம்பிக்கு,

கிண்ணம் வந்தது. கழுவித் துடைத்து வைத்தேன்.

அழாதே. உயிருள்ளது ஒருநாள் போகத்தான் செய்யும். எனக்கு மனசு ஆறுவதற்காக இரண்டு மூன்று விஷயம் மட்டும் எழுது. எந்தக் காதைப் பிடித்தாள்? எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள்? சர்வேயர் பார்த்தாரா? புதைத்த இடத்தில் ஏதாவது அடையாளம் வைத்தாயா?

வயதானவள், ராத்திரி தூக்கம் வரவில்லை. கொஞ்சம் விவரமாக எழுது.

அக்கா

*

செப்டம்பர் 30

என் அன்பான அக்காவுக்கு,

நீ என்மேல் கோபப்படாமல் எழுதியதைப் பார்த்து இன்னும் அழுகை வந்தது. நீ கேட்டதால் எழுதுகிறேன். இடது காது. பத்து நிமிஷம் இருக்கும், தொங்கிக்கொண்டே இருந்தாள். பன்றி இழுத்துக்கொண்டே போயிற்று, ஆனாலும் பிடியை விடவில்லை. சர்வேயர் அன்று ஊரில் இல்லை, நான் மட்டும்தான். புதைத்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கிறேன். தினமும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன்.

நீ அலைய வேண்டாம். முழங்காலோடு பஸ்ஸில் வந்து கஷ்டப்படாதே. அறுவடை முடிந்ததும் நானே வந்து உன்னைப் பார்க்கிறேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 9

தம்பிக்கு,

பன்றிக் காதைச் சொல்லி எனக்குக் காது குத்தப் பார்த்தாயா?

அவளுடைய அம்மா பிடிக்கவில்லை. பாட்டி பிடிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து இந்த வகையில் நாற்பத்தொரு நாய் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றின் முகமும் சொல்வேன். ஒன்றுகூடப் பன்றிக் காதை வாயில் வைத்ததில்லை. உனக்கு நாயைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் செத்த ஏதோ ஒரு தாடைக்கார நாயின் சாவை எடுத்து என் பெண்ணுக்குப் போட்டுவிட்டாய். அவள் சாவதாக இருந்தாலும் எப்படிச் சாவாள் என்றுகூட உனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தாயே, என்னத்தைப் பார்த்தாய்?

அவள் போய்விட்டாள் என்று நீ எழுதிய முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒருவேளை பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டானோ என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். நீ இடது காது, பத்து நிமிஷம், வெள்ளைக் கல் என்று அடுக்கினாய்.

நான் உன் வீட்டுக்கு வரவில்லை. தீவன டிரைவரைத்தான் கேட்டேன். "மீசை வெச்ச நாயா? கான்ட்ராக்டர் கொட்டகையில நிக்குதே பாட்டி. சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டைச் சுத்தி வருமே, அதுதானே?" என்றார். கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் லாரியிலேயே ஏறிவிட்டேன். ஏழு மணி நேரம். முழங்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. நீ விசாரிப்பதாகச் சொன்ன அதே முழங்கால்.

கொட்டகை வாசலில் பன்னிரண்டு நாயும் என்னைக் கிழித்துவிடுவது மாதிரி குரைத்தன. மூன்று தட்டுத் தட்டினேன். கடைசிக் கூண்டுக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்தாள். கம்பிக்கு அடியில் மூக்கை நீட்டி என் செருப்பின்மேல் வைத்துப் படுத்துவிட்டாள். நான் எதற்கும் கீழே உட்கார்ந்து பத்து வருஷமாகிறது தம்பி. உட்கார்ந்தேன். கான்ட்ராக்டர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அவர் என்னிடம் காகிதத்தைக் காட்டினார். ஜூலை எட்டாம் தேதி. "என் சொந்த நாய். நாட்டுக் கலப்பு." கீழே உன் கையெழுத்து. நாட்டுக் கலப்பு! அதற்குப் பதில் உன் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி வேலி. ஆக, ஆகஸ்டில் "நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று எழுதியபோது அவள் உன் வீட்டில் இல்லவே இல்லை. கதிர் பால் பிடித்தது வேலிக்குள்.

இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ ஏமாளி என்று சொல்லித் திரும்பக் கூட்டிவந்திருப்பேன். ஆனால் அவள் மல்லாந்து படுத்தாள். வயிற்றில் விரல் நீளத் தையல் தழும்பு. "பருவம் வந்தா மத்த நாயெல்லாம் அடிச்சுக்கும் பாட்டி. ஆகஸ்ட்லயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டேன். நாட்டுக் கலப்புதானேன்னு நெனைச்சேன்" என்றார். அவர் முகம் செத்துப்போயிற்று, நான் விஷயத்தைச் சொன்னபோது. வெளியாளுக்கே அப்படி.

இந்த அக்டோபர் கைவிட்டுப் போயிற்று தம்பி. இனி எந்த வருஷத்து அக்டோபரும் இல்லை. பெட்டியில் விறகு போட்டு வைத்திருக்கிறேன்.

கான்ட்ராக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் யாரையும் ஏமாத்தல. உங்க தம்பி வேலியைப் பிரிச்சுக் கொடுக்கட்டும், நாயைக் கூட்டிட்டுப் போங்க." நியாயமான பேச்சு. அவள் இனி குட்டி போட மாட்டாள். ஆனாலும் என் வாசலில்தான் அவள் கிழவியாக வேண்டும். வேலியைப் பிரி. எத்தனை நாளில் பிரிப்பாய் என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

அக்கா

*

அக்டோபர் 16

அக்கா,

உன் காலில் விழுகிறேன். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன்.

ஜூலையில் ஒரு வாரம் மழை. நாய் மோப்பம் பிடிக்க முடியாத மழை. ஒரே ராத்திரியில் கால்வாசிக் காடு போயிற்று. மறுநாள் காலையில் அவர் வந்து, "நாய் ஒரு பன்னியை நிறுத்தும், வேலி எல்லாப் பன்னியையும் நிறுத்தும்" என்றார். என் புத்தி கெட்டுவிட்டது. செப்டம்பருக்குள் எப்படியாவது பேசித் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்த பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பது? செத்துவிட்டாள் என்றால் உனக்கு ஒருநாள் அழுகையோடு போய்விடும் என்று நினைத்தேன். சத்தியமாக உன்னைக் காயப்படுத்தக் கூடாது என்றுதான்.

வேலியைப் பிரிக்கிறேன். ஆனால் கதிர் முற்றி நிற்கிறது அக்கா. இப்போது பிரித்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். மூன்று வாரம் பொறு. அறுவடை முடிந்த மறுநாள் நானே கம்பியை அவிழ்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஐம்பத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அன்றைக்கு அப்பாவின் நாய் வெளியே ஓடி வண்டியில் அடிபட்டதே, பின்கதவைத் திறந்துவிட்டது நான்தான். நீ அடி வாங்கினாய். எனக்குப் பதிலாக நீ ஏன் அடி வாங்கினாய் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போதாவது என் பாரம் குறையட்டும்.

என்னைக் கைவிடாதே அக்கா. எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் தம்பி

*

நவம்பர் 3

வேலியைப் பிரிக்க வேண்டாம். உன் கதிர் பத்திரமாக இருக்கட்டும்.

மீசைக்காரி வந்துவிட்டாள். முந்தாநாள் கான்ட்ராக்டரே தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "நீங்க தட்டிட்டுப் போன நாள்லேர்ந்து கேட்டை விட்டு நகரலை பாட்டி. வேலைக்குக் கூட்டிட்டுப் போனா பன்னியைப் பாக்காம ரோட்டைப் பாக்குது" என்றார். வேலியைப் பற்றிக் கேட்டேன். "அதை விடுங்க" என்று சொல்லித் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். யாரோ ஒருத்தர். மூன்று வாரம் பொறு என்று அவர் சொல்லவில்லை.

கிழவன் அவளை மோந்து பார்த்தான். கொஞ்ச நேரம் சுற்றி வந்தான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

பின்கதவைத் திறந்தது நீ என்று எழுதியிருந்தாய். எனக்கு அது அன்றைக்கே தெரியும். நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ தாழ்ப்பாளுக்குக் கை எட்டாமல் ஒரு செங்கல்லை நகர்த்திப் போட்டு ஏறினாய். பச்சைக் கால்சட்டை, ஒரு பொத்தான் இல்லை. அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது நீ என் பின்னால் வந்து ஒளிந்தாய். உன் உடம்பு நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. அதனால் நான்தான் என்றேன். பதினோரு அடி. ஏன் என்று தெரியவில்லை என்கிறாய். இதுதான் காரணம். பெரிதாக ஒன்றும் இல்லை. நீ சின்னவன், பயந்துபோயிருந்தாய், என் பின்னால் வந்து நின்றாய்.

ஐம்பத்தெட்டு வருஷம் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. என் முழங்காலைச் சொல்லிக் காட்டினேன், உன் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக் காட்டினேன், உன் வீட்டுக்காரி பேசியதைச் சொல்லிக் காட்டினேன். இதைச் சொல்லிக் காட்டியதில்லை. இதைக் கணக்கில் வைக்கவே இல்லை.

நீ அதையும் எடுத்து வந்து, மூன்று வாரத் தவணைக்காக என் முன்னால் வைத்தாய்.

இந்த முறை அடி வாங்கியது அவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் நான்தான் என்று சொல்லவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். ஆறு பன்றிக் கடிதத்தையும் சேர்த்துத்தான். கிண்ணத்தை வைத்துக்கொண்டேன். காலையில் தட்டினேன். இரண்டு பேரும் வந்தார்கள்.

வேறு யாரையும் கூப்பிடவில்லை.

மீசைக்காரியை வளர்த்தவள்